ராம்சி கவுண்டியின் வீட்டுவசதி வரி: எங்கள் மாதிரி சின்ன ஊருக்கு இதனால் என்ன?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ராம்சி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) ஆர்டன் ஹில்ஸ் என்ற புறநகரில் இருக்கிறோம். நவம்பரில் வந்த உத்தேச சொத்து வரி நோட்டீஸை இந்தத் தடவைதான் வரி வரியாகப் படித்தேன். கவுண்டிக்கு ஒரு தொகை, ஊருக்கு ஒரு தொகை, பள்ளிக்கு ஒரு தொகை. அது புரிகிறது. அதற்கும் கீழே சிறப்பு வரி மாவட்டங்கள் என்று ஒரு பகுதி வருகிறது. கொசு ஒழிப்புக்குக்கூட அதில் இடம் இருக்கிறது, இருக்கட்டும். எனக்குப் புரியாதது கவுண்டியின் எச்.ஆர்.ஏ., அதாவது வீட்டுவசதி மற்றும் மறுசீரமைப்பு ஆணையம். இதற்கு வரி போடும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? கவுண்டி வரியைத்தான் மேலேயே தனியாகக் கட்டுகிறோமே. எங்கள் சிட்டி கவுன்சில் இதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பணமெல்லாம் கவுண்டியின் பெரிய நகரமான செயின்ட் பாலுக்குத்தான் போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார்.

நான் ஏழைகளுக்கு வீடு கட்டுவதை எதிர்க்கிற ஆள் இல்லை. கட்டுகிற பணத்துக்குக் கணக்கு தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தாமிரபரணி எழுதியது:

தம்பி, நான் வேறொரு புறநகரின் நகராட்சி நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பட்ஜெட் தயாரிப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மினசோட்டாவில் எச்.ஆர்.ஏ. என்பது சட்டப்படி தனி அமைப்பு. ஊரும் ஒன்று வைத்துக்கொள்ளலாம், கவுண்டியும் வைத்துக்கொள்ளலாம். மாநிலச் சட்டத்தின் 469-வது அத்தியாயம் அதற்கு வரி போடும் உரிமையையும் கொடுத்து, உச்சவரம்பையும் கட்டியிருக்கிறது: அதன் எல்லைக்குள் உள்ள சொத்துகளின் மொத்தச் சந்தை மதிப்பில் 0.0185 சதவீதம். கவுண்டி போர்டு சம்மதித்துத் தீர்மானம் போட்டால்தான் கவுண்டி எச்.ஆர்.ஏ. இந்த வரியை வசூலிக்க முடியும். ராம்சியில் அந்தப் போர்டில் இருக்கும் ஏழு கமிஷனர்களே எச்.ஆர்.ஏ. போர்டாகவும் உட்காருகிறார்கள். ஆக, கேட்கிறவரும் கொடுக்கிறவரும் அதே ஏழு பேர். சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. ஆனால் ஒரு விளைவு இருக்கிறது. "கவுண்டி வரி இத்தனை சதவீதம்தான் ஏறியது" என்று செய்தியில் வரும்போது எச்.ஆர்.ஏ. வரி அந்தக் கணக்கில் சேராமல் போய்விடலாம், ஏனென்றால் நோட்டீஸில் அது தனி இடத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் நிஜ உயர்வு தெரியும்.

ராம்சிக்கு இந்த அதிகாரம் வெகுகாலமாகவே உண்டு. ஆனால் வரியாக வசூலிக்கத் தொடங்கியது 2022-ஆம் ஆண்டில்தான், ஏறத்தாழ 11 மில்லியன் டாலர். பலரும் ஏதோ புது வரி முளைத்ததாக நினைத்ததற்கு அதுதான் காரணம்.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று பார்ப்போம். உச்சவரம்பு முழுதையும் போட்டாலும் 4 லட்சம் டாலர் மதிப்புள்ள சொத்துக்கு 74 டாலர். இது தோராயக் கணக்கு. உச்சவரம்பைச் சந்தை மதிப்பை வைத்துக் கணக்கிடுவார்கள், ஆனால் வசூலைப் பிரிப்பது வரித் திறனை வைத்து, அதாவது சொத்தின் வகையைப் பொறுத்து அதன் மதிப்பில் வரிக்கு எடுத்துக்கொள்ளும் பங்கை வைத்து. குடியிருக்கும் வீட்டுக்கு முதல் 5 லட்சம் டாலர் வரை 1 சதவீதம்தான் வரித் திறன். கடை, அலுவலகக் கட்டடம் என்றால் முதல் ஒன்றரை லட்சத்துக்கு 1.5, அதற்கு மேல் 2 சதவீதம். அதனால் ஒரே மதிப்புள்ள வீட்டையும் கடையையும் வைத்துப் பார்த்தால் கடைக்காரர் தலையில்தான் கூடுதலாக விழுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வரியைப் பற்றி யார் பேசினாலும் வீட்டுக்காரரைப் பற்றியே பேசுகிறார்கள். ஊரின் மெயின் ரோட்டில் சலூன் வைத்திருப்பவர் வாடகையோடு சேர்த்து இந்தப் பங்கையும் கட்டுகிறார். அவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்து பேசுவதில்லை.

ஊருக்கு என்ன பாதிப்பு என்று கேட்டீர்கள். நிஜமான சங்கடம் இந்த 74 டாலரில் இல்லை. ஊர் தனக்கென்று எச்.ஆர்.ஏ. அல்லது பொருளாதார வளர்ச்சி ஆணையம் வைத்திருந்தால் அதற்கும் தனி உச்சவரம்பு உண்டு. பொருளாதார வளர்ச்சி ஆணையத்துக்கு 0.01813 சதவீதம். அதே 4 லட்சம் டாலர் வீட்டுக்கு இன்னொரு 73 டாலர் வரை வரும். கவுண்டி எடுத்துவிட்டது என்பதற்காக ஊரின் வரம்பு குறைவதில்லை, ஊர் எடுத்ததற்காகக் கவுண்டியின் வரம்பும் குறைவதில்லை. ஒரே பசுவை இரண்டு பேர் கறக்கிறார்கள், அவரவர் செம்புக்கு மட்டும் அளவு போட்டிருக்கிறது.

அதன் பலன், அடுத்த வருட வரியைப் பற்றி ஊர் மக்கள் பேச டிசம்பரில் நடக்கும் கூட்டத்தில் தெரியும். சட்டப்படி அந்தப் பொதுக்கூட்டம் மாலை 6 மணிக்கு முன் தொடங்கக் கூடாது. எங்கள் கூட்டத்துக்கு ஒரு பெரியவர் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எச்.ஆர்.ஏ. வரியைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டிருந்தார். எங்கள் கவுன்சில் போடாத வரி அது. ஆனால் அவருக்குப் பக்கத்தில் இருப்பது சிட்டி ஹால். கவுண்டி அலுவலகம் எங்கேயோ டவுன்டவுனில். அவர் கோபம் எங்கள் கவுன்சிலர்கள் மேல்தான் இறங்கியது. அந்த இரவு நாங்கள் கேட்க நினைத்தது தீயணைப்பு நிலையத்துக்கு இரண்டு புது ஆட்கள். கவுன்சில் ஒருவரோடு நிறுத்திக்கொண்டது. எச்.ஆர்.ஏ. மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மக்களின் பொறுமைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அதில் முதல் பங்கை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் ஊர்களின் கவலை.

உங்கள் கவுன்சில் மறுக்க முடியுமா? வரியைப் பொறுத்தவரை கவுண்டி எச்.ஆர்.ஏ.வின் செயல் எல்லைக்குள் இருக்கும் ஊர், ஒவ்வொரு வருடமும் "இந்த வருடம் எங்களை விட்டுவிடுங்கள்" என்று விலக முடியாது. ஆனால் வீடு கட்டும் திட்டம் வேறு விஷயம். ஊர் ஏற்கெனவே அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஊர் மன்றம் தேவை இருக்கிறது என்று தீர்மானம் போட வேண்டும். இரண்டும் இல்லாமல் கவுண்டி எச்.ஆர்.ஏ. அந்த ஊருக்குள் திட்டம் எதையும் தொடங்க முடியாது. எந்த நிலத்தில் எத்தனை மாடி, எத்தனை வீடு என்பதும் ஊர் கையில்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வரி எல்லா ஊரிலும் வசூலாகும், செலவு சம்மதித்த ஊரில்தான் நடக்கும். வீடே வேண்டாம் என்று கதவைச் சாத்துகிற ஊர் வரி கட்டுவதிலிருந்து தப்பிக்காது, திரும்பி வருவதை மட்டும் இழக்கும். என் கண்ணில் இந்த ஏற்பாட்டின் முக்கியமான விளைவு இதுதான், நோட்டீஸில் அது தெரியாது.

செயின்ட்பால்_கிழக்கு எழுதியது:

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2020 கணக்கெடுப்பில் ராம்சி கவுண்டியின் மக்கள்தொகை 5,52,352. அதில் செயின்ட் பால் மட்டும் 3,11,527. பாதிக்கு மேல். அதனால் கவுண்டி எதைச் செய்தாலும் பெரும்பங்கு இங்கே நடப்பதில் அதிசயம் இல்லை. இங்கே எங்கள் சிட்டி கவுன்சிலே ஊரின் எச்.ஆர்.ஏ. போர்டாகவும் உட்கார்ந்து தனியாக ஒரு வரி போடுகிறது, அதையும் நாங்கள் கட்டுகிறோம். யாரும் ஓசியில் வாங்கவில்லை.

நான் வாரக் கடைசியில் ஓர் உணவு வங்கியில் உதவி செய்கிறேன். வரிசையில் நிற்பவர்களிடம் முந்தின முகவரி கேட்டால் ரோஸ்வில், மேப்பிள்வுட் என்று புறநகர்ப் பெயர் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வாடகை கட்ட முடியாமல் போனவர் தங்குமிடம் தேடி இங்கேதான் வருகிறார், ஏனென்றால் தங்குமிடமும் பஸ்ஸும் இங்கேதான் இருக்கின்றன. அவரைச் செயின்ட் பால் ஆள் என்று கணக்கில் எழுதுகிறோம். இதைப் புறநகர் நண்பர்கள் யோசிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஈகன்_குமரன் எழுதியது:

பக்கத்தில் இருக்கும் எங்கள் டகோட்டா கவுண்டியில் இது பழைய கதை. இங்கே கவுண்டி எச்.ஆர்.ஏ. 1971-இலேயே வந்துவிட்டது, இப்போது சி.டி.ஏ., அதாவது சமூக வளர்ச்சி முகமை என்று பெயர். ஈகன், ஆப்பிள் வேலி, லேக்வில், ரோஸ்மவுண்ட் என்று ஊர் ஊராக 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். 1,700-க்கும் மேற்பட்ட வீடுகள். எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், கணவர் போன பிறகு நாலு படுக்கையறை வீட்டை விற்றுவிட்டு அதில் ஒன்றுக்குப் போனார். அதே சர்ச், அதே டாக்டர், அதே சினேகிதிகள். அவர் விற்ற வீட்டுக்கு இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் வந்தது. ஊருக்கு ஆதாயம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

தனித்தனி ஊரால் இதைச் செய்திருக்க முடியாது. பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்க, கட்ட, அப்புறம் முப்பது வருடம் பராமரிக்க ஆள் பலம் வேண்டும். 10,000 பேர் உள்ள ஊரில் திட்டப் பிரிவு என்றால் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

ஆனால் ஒன்று. இங்கே முதியோர் வீடு என்றால் எல்லாக் கவுன்சிலும் கை தூக்கும். குழந்தைகளோடு இருக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு என்றால் கூட்டம் நள்ளிரவு வரை போகும். தாமிரபரணி அக்கா சொன்ன அந்தச் சம்மதம் எதற்குக் கிடைக்கிறது, எதற்குக் கிடைப்பதில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. செயின்ட் பால் நண்பர் சொன்னதையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிறேன்.

"கதவைச் சாத்துகிற ஊர்" என்றதும் எனக்கு எங்கள் ஊரின் பழைய ஆயுதத் தொழிற்சாலை நிலம்தான் நினைவுக்கு வந்தது. நாங்கள் வந்ததிலிருந்து வேலி போட்டபடியே கிடக்கிறது. அதற்கும் இந்த வரிக்கும் சம்பந்தம் உண்டா? இனி நான் எங்கே போய் என்ன கேட்க வேண்டும்?

தாமிரபரணி எழுதியது:

அந்த நிலம் 427 ஏக்கர். கவுண்டி 2013-இல் வாங்கியது, இந்த வரி வருவதற்கு வெகு முன்னால். அதனால் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் நான் சொன்னதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நிலம் கவுண்டியுடையது, அதில் எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் அதிகாரம் ஆர்டன் ஹில்ஸுடையது. ஊர் 1,460 வீடுகள் போதும் என்றது. கவுண்டி இன்னும் நெருக்கமாகவும், அதில் கட்டுப்படியாகும் வாடகை வீடுகள் கூடுதலாகவும் வேண்டும் என்றது. 2019-இல் பேச்சு முறிந்து வழக்கு வரை போனது. 2023-இல்தான் 1,960 வீடுகள் என்று ஒரு வழியாக ஒத்துக்கொண்டார்கள். பத்து வருடம். அந்தப் பத்து வருடமும் அந்த நிலத்திலிருந்து ஊருக்கோ பள்ளிக்கோ உருப்படியான வரி எதுவும் வரவில்லை. கவுண்டியிடம் எவ்வளவு பணம் இருந்தாலும் ஊரின் சம்மதம் இல்லாமல் நகராது, ஊரிடம் எவ்வளவு அதிகாரம் இருந்தாலும் பணம் இல்லாமல் நகராது.

உங்கள் ஊருக்கு மட்டும் பொருந்துகிற இன்னொரு விஷயம். 2023-இல் சட்டமன்றம் மெட்ரோவின், அதாவது மினியாபொலிஸ்-செயின்ட் பால் பெருநகரப் பகுதியின் ஏழு கவுண்டிகளிலும் வீட்டுவசதிக்காக 0.25 சதவீத விற்பனை வரி கொண்டுவந்தது, அந்த அக்டோபர் 1 முதல் கடையில் நாம் எல்லோரும் கட்டுகிறோம். அதில் ஒரு பங்கு நேராக ஊர்களுக்குப் போகிறது, ஆனால் 10,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்குத்தான். 2020 கணக்கெடுப்பில் ஆர்டன் ஹில்ஸ் 10,000-க்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. அதனால் உங்கள் மாதிரி ஊருக்கு வீட்டுவசதிப் பணம் வரவேண்டுமென்றால் பெரும்பாலும் கவுண்டி வழியாகத்தான் வரவேண்டும். உங்கள் கவுன்சில் கவுண்டியோடு முறைத்துக்கொண்டு இருந்தால் நஷ்டம் ரோஸ்வில்லுக்கு இல்லை, உங்களுக்கு.

என்ன கேட்பது என்றால், டிசம்பர் கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். உத்தேச வரியை செப்டம்பரிலேயே முடிவு செய்துவிடுவார்கள். அதற்குப் பிறகு தொகையைக் குறைக்கலாமே தவிர, ஏற்ற முடியாது. ஆகஸ்டிலேயே உங்கள் பகுதியின் கமிஷனருக்கு எழுதுங்கள். எச்.ஆர்.ஏ. வரியில் போன வருடம் எந்த ஊரில் எவ்வளவு செலவானது, எவ்வளவு ஒதுக்கிவிட்டுச் செலவாகாமல் நிற்கிறது என்று கேளுங்கள். செலவாகாமல் நிற்கும் தொகை பெரிதாக இருந்தால், இந்த வருடம் உச்சவரம்பு வரை ஏன் போகவேண்டும் என்பது நியாயமான கேள்வி. உங்கள் கவுன்சிலிடம் வேறு கேள்வி: கவுண்டி எச்.ஆர்.ஏ.விடம் நீங்கள் கடைசியாக எந்தத் திட்டத்துக்குப் பணம் கேட்டீர்கள்? "கேட்கவே இல்லை" என்று பதில் வந்தால் கூட்டக் குறிப்பில் ஏறும்படி இன்னொரு தடவை கேளுங்கள்.

கடைசியாக உங்கள் பாக்கெட் சமாச்சாரம். வீட்டின் மொத்த சொத்து வரி முந்தின வருடத்தைவிட 12 சதவீதத்துக்கு மேலும், 100 டாலருக்குக் குறையாமலும் ஏறியிருந்தால் மாநிலம் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. வருமான வரம்பு கிடையாது. எம்1பிஆர் படிவம், ஆகஸ்ட் 15-க்குள் அனுப்ப வேண்டும். மார்ச் மாதம் வரும் வரி அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதிலிருந்துதான் எண்களை எடுக்கவேண்டும்.