மேடிசனில் கெமிக்கல் அண்ட் பயாலஜிக்கல் இன்ஜினியரிங்: உயிரியல் பிடிக்காதவள் சேரலாமா?

மில்வாக்கி அம்மா:
மகளுக்கு மேடிசனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கெமிக்கல் என்று நினைத்துத்தான் போட்டாள். இப்போது பார்த்தால் துறையின் பெயரில் பயாலஜிக்கலும் சேர்ந்திருக்கிறது. பள்ளியில் தவளையை அறுக்கச் சொன்ன அன்று வகுப்பை விட்டே ஓடி வந்தவள் இவள். கணக்கு என்றால் உயிர். அங்கே படித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பேட்ஜர் பாண்டி:
அக்கா, நான் அங்கேதான் படித்தேன். தவளை எல்லாம் வராது. 1905இல் தொடங்கிய துறை, பயாலஜிக்கல் என்ற ஒட்டு பிற்பாடு வந்தது. உயிரியலும் கொஞ்சம் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அடிப்படை ஒரே கணக்குதான்: உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, மிச்சம் எங்கே? தொட்டிக்குள் அமிலம் இருந்தாலும் ஈஸ்ட் இருந்தாலும் இதேதான். என்ன, ஈஸ்ட்டுக்கு மூச்சு முட்டும். காற்றுப்பட்ட தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம்தான் ஆக்சிஜன் கரையும். அது தீருவதற்குள் காற்றை ஊதிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

பயப்படுவதானால் சம்மர் லேப் என்கிற கோடைகால ஆய்வகப் பாடத்துக்குப் பயப்படுங்கள். ஐந்து வாரம், வேறு நினைப்பே இருக்காது. எங்கள் குழுவுக்கு வெப்பப் பரிமாற்றி வந்தது, அதாவது வெந்நீரின் சூட்டைக் குளிர்ந்த நீருக்கு மாற்றும் கருவி. வெந்நீர் இழந்த வெப்பமும் குளிர்ந்த நீர் வாங்கிய வெப்பமும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும்; எங்களுக்கு நூற்றுக்குப் பதினைந்து இடித்தது. மூன்று நாள் சூத்திரத்தைத் திட்டித் தீர்த்தோம். கடைசியில் பார்த்தால், வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளின் முனை ஓடும் நீரைத் தொடாமல் குழாய்ச் சுவரில் சொகுசாகச் சாய்ந்துகொண்டிருந்தது!

நாமக்கல் நாதன்:
தம்பி, டிரான்ஸ்போர்ட் பினாமினா என்ற கெமிக்கல் பாடப்புத்தகத்தை எழுதிய பேர்ட், ஸ்டூவர்ட், லைட்ஃபுட் மூவரும் அந்தத் துறைதானே? அந்தப் புத்தகத்தால் நான் இழந்த முடி இன்னும் திரும்பவில்லை.

பேட்ஜர் பாண்டி:
அவர்களேதான் சார். 1960இல் வந்த முதல் பதிப்பு கிடைத்தால் முன்னுரையைப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் கோத்தால், அதே துறையின் பேராசிரியர் ஹூகனுக்கு இந்தப் புத்தகம் சமர்ப்பணம் என்று வரும். இப்படி விளையாடியவர்கள் பாடத்தில் மட்டும் ஏன் இரக்கம் காட்டவில்லையோ!

மில்வாக்கி அம்மா:
ரொம்ப நன்றி தம்பி. தெர்மோகப்பிள் கதையை அவளிடம் சொன்னேன். "முதல் நாளே அதைக் கழற்றிப் பார்க்காமல் மூன்று நாள் என்ன செய்தார்கள்?" என்கிறாள்.

பேட்ஜர் பாண்டி:
சேர்த்துவிடுங்கள் அக்கா.