ஜப்பானுக்கு வெளியே செய்தாலும் அது அனிமேதானா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

சென்னையில் தமிழ் டப்பிங்குக்கு வசனம் எழுதுகிறேன். எது அனிமே (ஜப்பானிய அனிமேஷன்), எது இல்லை என்று நண்பர்கள் மல்லுக்கட்டும்போது எல்லோரும் பெரிய கண்ணையும் கூரான முடியையும் காட்டிப் பேசுவார்கள், நான் பார்ப்பது வாயை. ஜப்பானில் பெரும்பாலும் படத்தை வரைந்த பிறகுதான் குரல் பதிவு. அதனால் பாத்திரம் பேசும்போது மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுக்கத் திறந்த வாய் என்று மூன்று வடிவம் மாறி மாறி வரும், பெரும்பாலான காட்சிகளுக்கு அது போதும். அமெரிக்காவில் நேர்மாறு. குரலை முதலில் பதிவு செய்துவிட்டு அந்த உச்சரிப்புக்கு ஏற்றபடி வாயை வரைகிறார்கள். ப, ம வந்தால் உதடு ஒட்டும், ஓ வந்தால் குவியும், எஃப் வந்தால் மேற்பல் கீழுதட்டைத் தொடும்.

எங்கள் பிழைப்பே இதில்தான் இருக்கிறது. அமெரிக்கத் தொடரில் ஒருவன் க்ளோசப்பில் 'மூவ்!' என்று கத்துகிறான் என்று வையுங்கள். 'நகரு!' என்று எழுதினால் உதடு ஒட்டும் இடத்தில் தமிழ் ஒட்டாது, பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும். 'போ!' என்று மாற்றினால் கச்சிதமாக உட்காரும். ஜப்பானியத் தொடரில் நகரு, தள்ளு, ஓடு என்று எது எழுதினாலும் நீளம் சரியாக இருந்தால் போதும். ஜப்பானியத் தொடர்கள் தமிழில் இவ்வளவு இயல்பாகக் கேட்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடர் விஷயத்துக்கு வருகிறேன். 2005இல் அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் தொடங்கியது. உருவாக்கியவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். சண்டைக் காட்சிகளைப் பார்த்து இதை அனிமே என்று சத்தியம் செய்கிறவர்கள் என் நண்பர்களில் பாதிப் பேர். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், ஆங்கிலம் வாயில் எழுதியிருக்கும். சரி, அப்படியானால் கேள்வி முடிந்ததா என்றால், முடியவில்லை. அதன் படங்களை வரைந்தவை கொரிய ஸ்டுடியோக்கள், அதில் ஒன்றான டிஆர் மூவி, ஜப்பானின் மேட்ஹவுஸ் அனிமே ஸ்டுடியோவுக்கும் வருஷக்கணக்கில் வரைந்து கொடுத்த இடம். அச்சு அசல் ஜப்பானியத் தொடர் ஒன்றின் கடைசி டைட்டிலை நிறுத்திப் பாருங்கள், இடைப்படம் (ஒரு அசைவின் முக்கியப் படங்களுக்கு நடுவே வரும் படங்கள்) வரைந்தவர்கள், வண்ணம் தீட்டியவர்கள் என்ற பகுதியில் கொரிய, சீன, வியட்நாமியப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். ஜப்பானின் டோய் அனிமேஷன் நிறுவனத்துக்கு பிலிப்பைன்ஸில் சொந்த ஸ்டுடியோவே உண்டு. ஆக, பென்சில் பிடித்த கை எந்த ஊர் என்று பார்த்தால் பாதி அனிமே அனிமேயாகத் தேறாது. ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் திட்டம்) எங்கே போட்டார்கள், குரல் முதலிலா படம் முதலிலா, இறுதி முடிவு யார் கையில் இருந்தது, இதை வைத்துத்தான் நான் தீர்மானிப்பேன். அந்தக் கணக்கில் அவதார் அனிமே இல்லை. டெக்சஸ் ஆஸ்டினில் இருக்கும் பவர்ஹவுஸ் ஸ்டுடியோ செய்த 'கேஸில்வேனியா' தொடரும் இல்லை. இரண்டும் எனக்கு உயிர், அது வேறு விஷயம்.

உங்களுக்கு இப்படி எங்கேயாவது தட்டுப்பட்டிருந்தால் எழுதுங்கள்.

* * *

அண்ணா, நான் சீனத் தொடர்கள் பார்க்கிறவள். 'லிங்க் கிளிக்' பார்க்கச் சொல்லி ஹாஸ்டலில் ஒருத்தியிடம் கொடுத்தேன், ஒரே இரவில் முடித்துவிட்டு வந்து "செம அனிமே டீ, எந்த ஸ்டுடியோ, ஜப்பான்ல எப்ப வந்தது" என்று கேட்டாள். சீனாவில் செய்தது, 2021இல் வந்தது, அங்கே அனிமேஷனை தொங்ஹுவா என்பார்கள் என்று சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் வாடியது. அதுதான் எனக்கு வலித்தது. ராத்திரி முழுக்க அழ வைத்த கதை, ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஒரு படி இறங்கிவிடுமா?

பலர் இதையும் அனிமே என்று சேர்த்துக்கொள்வதைப் பெருந்தன்மையாக நினைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஷாங்காயில் வான் சகோதரர்கள் 1941இலேயே 'பிரின்சஸ் அயர்ன் ஃபேன்' என்ற முழுநீளப் படத்தை எடுத்துவிட்டார்கள், போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில். அது ஜப்பானிலும் ஓடியது, சிறுவனாக இருந்த ஒசாமு தெசுகா அதைப் பார்த்து அசந்துபோனார். பின்னாளில் 'ஆஸ்ட்ரோ பாய்' செய்து டிவி அனிமேவுக்கு வழி போட்டவரே அவர்தான். இப்படி ஒரு வரலாறு உள்ளவர்களின் படத்துக்கு இன்னொருவர் பெயர்ப்பலகையை மாட்டுவது மரியாதை இல்லை. நீங்கள் சொன்ன வாய்க் கணக்கில் இது தேறுமோ தேறாதோ, தேற வேண்டிய அவசியமே இதற்கு இல்லை என்பது என் கட்சி.

அப்புறம் 'சோலோ லெவலிங்' தொடர். கதை கொரியாவுடையது, படம் வரைந்தது ஜப்பானின் ஏ-1 பிக்சர்ஸ் ஸ்டுடியோ. ஜப்பானில் ஒளிபரப்பானபோது நாயகன் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றினார்கள். அதை மட்டும் அனிமேயா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

* * *

ரெண்டு பேர் எழுதியதையும் படித்தேன். எனக்கு நேர்ந்தது தியேட்டரில். 2025 ஜனவரியில் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' தமிழ், ஹிந்தி, தெலுங்கு, ஆங்கிலத்தில் திரும்ப வந்ததே, அதற்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பையனும் வந்தான், அவன் முழுநேர அனிமே பைத்தியம். கும்பகர்ணன் எழுந்து வரும் காட்சியில் அவன் என் கையைப் பிடித்து "அப்பா, இது அப்படியே அனிமே" என்கிறான், இந்தப் பக்கம் அப்பா கண் கலங்கி "நம்ம ராமாயணம்டா" என்கிறார். நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு ரெண்டுமே சரியாகத்தான் பட்டது.

யூகோ சாகோ என்ற ஜப்பானியர் ராமாயணத்தின் மேல் பிடித்த பிடியில் எடுத்த படம் அது. இந்திய அரசோடு சேர்ந்து எடுக்கும் யோசனை கைகூடாமல் போனதால் ஜப்பானிலேயே எடுத்தார், ஜப்பானின் கோயிச்சி சாசாகியும் நம் ஊர் அனிமேஷன் கலைஞர் ராம் மோகனும் கூட இயக்கினார்கள். உடை, நடை, கும்பிடும் விதம் இதிலெல்லாம் இந்தியக் கலைஞர்கள் வழிகாட்டினார்கள். அதனால்தான் வில்லை வளைக்கும்போது வேட்டி மடிப்பு சரியாக விழுகிறது, வானமும் காடும் மட்டும் ஜப்பானியக் கையாக இருக்கிறது. சார் சொல்கிற அளவுகோலில் இதை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

* * *

மூன்றாவது பதிவு போட்டவருக்கு: அனிமே பக்கம்தான் வைப்பேன், தயக்கமே இல்லை. வரைந்தது, கட்டமைத்தது, தலைமை தாங்கியது எல்லாம் அங்கே. கதை நம்முடையது என்பதால் அது மாறாது, ஷெர்லாக் ஹோம்ஸை ஜப்பானிய இயக்குநர் மியாசாகி நாயாக வரைந்து டிவிக்குக் கொடுத்ததும் அனிமேதானே. தங்கைக்கு: நீங்கள் சொன்னதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன், சீனத் தொடர் ஒன்று எழுத வந்தால் அதன் பெயரிலேயே பேசுவேன்.

எனக்கு இன்னும் விடை கிடைக்காதது 'சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்'. 2012 டிசம்பரில் கலர்ஸ் டிவியில் வந்த ஹிந்தித் தொடர். ஜப்பானில் 1968இல் வந்த 'கியோஜின் நோ ஹோஷி' என்ற பேஸ்பால் தொடரை அப்படியே மும்பைக்குக் கொண்டுவந்து கிரிக்கெட்டாக்கினார்கள், ஜப்பானின் டிஎம்எஸ் ஸ்டுடியோவும் ஓர் இந்திய ஸ்டுடியோவும் சேர்ந்து. மூலத்தில் அப்பன் மகனுக்கு உடம்பெல்லாம் ஸ்பிரிங் மாட்டிப் பயிற்சி கொடுப்பான், அது குழந்தையைக் கொடுமை செய்வதுபோல் இருக்கும் என்று இங்கே சைக்கிள் ட்யூப்பாக மாற்றிவிட்டார்கள். பந்து வீசும்போது பின்னணி கோடு கோடாகப் பறப்பது, ஒரே பந்துக்கு நிமிஷக்கணக்கில் மனசுக்குள் பேசுவது எல்லாம் அக்மார்க் ஜப்பான். அதேபோல் புது 'நிஞ்ஜா ஹட்டோரி' தொடரும் ஜப்பானின் ஷின்-எய் ஸ்டுடியோவும் இந்தியாவின் ரிலையன்ஸ் மீடியாவொர்க்ஸும் சேர்ந்து நம் குழந்தைகளுக்காகவே தொடங்கியது.

சூரஜ் எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது, வாயை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. முழுசாகப் பார்த்தவர்கள், இல்லை அந்த வேலையிலேயே இருந்தவர்கள் யாராவது இருந்தால் குரல் முதலில் பதிவானதா படம் முதலில் வந்ததா என்று சொல்லுங்கள்.