'தி சீக்ரெட்' புத்தகத்தை வாசிப்பு வட்டத்தில் எப்படிப் பேசுவது?

மாடிப்படி:
வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அடுத்த மாதப் புத்தகம் ரோண்டா பைர்னின் 'தி சீக்ரெட்' (தமிழில் 'இரகசியம்'). எதை ஆழமாக நினைக்கிறோமோ அதைப் பிரபஞ்சமே நம்மிடம் ஈர்த்துத் தரும், அது ஒரு விதி என்பதுதான் அதன் சாரம். பதினைந்து பேர் வருவார்கள். வாட்ஸ்அப் குழுவில் இப்போதே அடிதடி. "தினம் நாலு பக்கம் படித்தால்தான் மனசு லேசாகிறது" என்கிறது ஒரு கட்சி. "பேராசைக்கு விபூதி பூசி உட்கார வைத்திருக்கிறார்கள்" என்கிறது இன்னொன்று. உதயமூர்த்தியின் தன்னம்பிக்கை நூல் 'எண்ணங்கள்' படித்தவர்களோ இதில் என்ன புதுசு என்று கேட்கிறார்கள். கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். எந்தப் பகுதியை எடுத்தால் பேச்சு உருப்படியாகப் போகும்? வந்தவர்கள் செய்து பார்க்க ஏதாவது உண்டா?

கணக்குப்பிள்ளை:
மொத்தம் பத்து அத்தியாயம். எல்லாவற்றையும் எடுத்தால் ஒன்றும் நடக்காது. பணம் பற்றிய அத்தியாயத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கேன்ஃபீல்டு சொல்லும் சொந்தக் கதையை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், மூன்று பக்கம்கூட வராது. இரண்டு கட்சிக்கும் அதில் தீனி இருக்கிறது.

கதை இதுதான். வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் வேண்டும் என்று முடிவு செய்து, அந்தத் தொகைக்கு ஒரு பெரிய நோட்டு மாதிரி செய்து, படுக்கைக்கு மேலே கூரையில் ஒட்டுகிறார். கண் விழித்ததும் முதலில் படுவது அதுதான். சுமார் நாலு வாரம் கழித்து, குளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு யோசனை: தான் எழுதிய புத்தகம் ஒரு பிரதிக்கு 25 சென்ட் தரும், 4,00,000 பிரதி விற்றால் கணக்கு முடிந்தது. பிறகு கடையில் ஒரு வார இதழ் கண்ணில் படுகிறது, இதன் வாசகர்களுக்குப் புத்தகம் தெரிந்தால் விற்றுவிடும் என்று தோன்றுகிறது. ஒரு கல்லூரியில் பேசி முடித்ததும் ஒரு பெண் வந்து பேட்டி கேட்கிறார். அவர் எழுதுவது அதே இதழுக்கு. வருடக் கடைசியில் கைக்கு வந்தது 92,327 டாலர்.

இப்போது கூட்டத்தைக் கேளுங்கள்: கூரையில் நோட்டு ஒட்டுவதற்கு முன்பே இவரிடம் என்னென்ன இருந்தன? எழுதி முடித்த புத்தகம் இருந்தது. ராயல்டிக் கணக்கு இருந்தது. மேடையேறிப் பேசும் வழக்கம் இருந்தது. நோட்டு செய்த வேலை, ஏற்கெனவே கையில் இருந்ததைத் திரும்பத் திரும்ப நினைவுபடுத்தியது. அது சின்ன விஷயமில்லை, ஆனால் அதற்குப் பிரபஞ்ச விதி தேவையில்லை. இதே நோட்டை ஒட்டிவிட்டுப் புத்தகமே எழுதாதவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. அவர்கள் புத்தகத்தில் வரவும் மாட்டார்கள்.

பவளமல்லி:
கணக்குப்பிள்ளை சொல்வது சரி. ஆனால் இந்தப் புத்தகத்தைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் பணத்துக்காகப் பிடித்தவர்கள் இல்லை. அவர்கள் கையில் ஒட்டிக்கொள்வது நன்றிப் பயிற்சி: பையில் ஒரு கூழாங்கல், தொடும்போதெல்லாம் நன்றி சொல்ல ஒரு விஷயம். அதை மட்டும் தனியே எடுத்தால் ஆராய்ச்சித் துணை உண்டு. உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் வாரம் ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து விஷயம், பத்து வாரம் எழுதினார்கள். தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட இவர்களுக்கு வாழ்க்கை கொஞ்சம் நன்றாகத் தெரிந்தது.

சொதப்பும் இடம் எது தெரியுமா? தினமும் எழுதுவது. பத்தாம் நாள் "குடும்பம், உடல்நலம், சாப்பாடு" என்று மளிகை லிஸ்ட் ஆகிவிடும். வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களைவிட ஒருமுறை எழுதியவர்களுக்கு அதிகப் பலன் இருந்ததாக உளவியலாளர் லூபோமிர்ஸ்கியின் ஆய்வும் சொல்கிறது. "அம்மாவுக்கு நன்றி" என்று எழுதாதீர்கள். "செவ்வாய்க்கிழமை நான் வரத் தாமதமானபோது தோசை மாவை ஃபிரிட்ஜில் எடுத்து வைத்திருந்தார்" என்று எழுதுங்கள். கூட்டத்தில் ஏழு நிமிடம் கொடுத்தால் போதும்.

ஊசிமிளகாய்:
நன்றி சொல்வதை யாரும் எதிர்க்கவில்லை தோழி. சண்டை வேறு இடத்தில். சாப்பாடு உடம்பை ஏற்றாது, ஏற்றும் என்ற நினைப்புதான் ஏற்றும் என்கிறது புத்தகம். அதோடு நிற்காமல், குண்டானவர்களைப் பார்க்காதீர்கள் என்றும் அறிவுரை. உடல்நல அத்தியாயத்தில் ஒரு பெண், சிரிப்புப் படம் பார்த்தும் நம்பியும் மூன்றே மாதத்தில் மார்பகப் புற்றுநோய் போனது, கதிர்வீச்சும் கீமோவும் இல்லை என்கிறார். வட்டத்தில் ஒருவர் வீட்டிலாவது நோயாளி இருப்பார். அந்த அத்தியாயத்தைத் தொட்டால், சிகிச்சையை நிறுத்தச் சொல்ல இதில் எந்த ஆதாரமும் இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நாசூக்கு பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, இந்த முறை தோற்கவே முடியாதபடி கட்டப்பட்டிருக்கிறது. கேள், நம்பு, பெற்றுக்கொள். கிடைத்தால் விதி வேலை செய்தது. கிடைக்காவிட்டால் உன் நம்பிக்கையில் ஓட்டை. நோயாளி தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இங்கேதான். இதே பெயரில் வந்த படத்திலும் புத்தகத்திலும் வரும் 'ஆசான்'களில் ஒருவரான ஜேம்ஸ் ஆர்தர் ரே, 2009 அக்டோபரில் அரிசோனாவின் செடோனா அருகே நடத்திய வியர்வைக் குடில் (சுட்ட கற்களின் நீராவியில் வியர்க்க உட்காரும் கூடாரம்) சடங்கில் மூன்று பேர் இறந்தார்கள். 2011இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. புத்தகம் செய்த குற்றமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசான் பட்டியலைப் பயபக்தியோடு வாசிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

மாடிப்படி:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள். விஷன் போர்டில் (ஆசைப்பட்டதைப் படமாக ஒட்டி வைக்கும் அட்டை) அலுவலக நாற்காலி படம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். "எண்ணிய எண்ணியாங்கு" என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்று வாதம் வேறு. என்ன பதில் சொல்ல?

கணக்குப்பிள்ளை:
666ஆம் குறளைப் பாதியில் நிறுத்துவதுதான் சிக்கல். "எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்" என்று நிபந்தனையோடு முடிகிறது. அது இருக்கும் அதிகாரத்தின் பெயர் வினைத்திட்பம். வினை இல்லாத திட்பத்தை அவர் பேசவில்லை.

நாற்காலி படம் ஏன் உதவாது என்பதற்கும் ஆய்வு உண்டு. 1999இல் ஃபாம், டெய்லர் இருவரும் வெளியிட்டது. இடைத்தேர்வுக்குச் சில நாள் முன்பு, ஒரு குழு தினம் ஐந்து நிமிடம் நல்ல மதிப்பெண் வாங்கியதாகக் கற்பனை செய்தது. இன்னொன்று உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தது. இரண்டாம் குழு அதிக நேரம் படித்தது, அதிக மதிப்பெண் வாங்கியது. உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன் காட்டியதும் இந்த வழிதான்: இனிமையான கற்பனையில் உடம்பு காரியம் முடிந்துவிட்டது போலத் தளர்ந்துபோகிறது. ஆனால் 'என்னால் முடியும்' என்ற எதிர்பார்ப்பு உதவுகிறது. இந்த இரண்டையும் புத்தகம் ஒரே பானையில் போட்டுக் கிளறிவிட்டது.

போர்டைக் கிழிக்கச் சொல்லாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். அதே அட்டையில் ஓட்டிங்கனின் நாலு படியை எழுதச் சொல்லுங்கள்: விருப்பம், விளைவு, தடை, திட்டம். தடை வெளியில் இருப்பதாக எழுதக்கூடாது. "வினாத்தாள் கடினம்" செல்லாது. "ஒன்பது மணிக்கு ரீல்ஸ் பார்க்க உட்கார்ந்தால் பதினொன்று ஆகிறது" செல்லும். திட்டம் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வாக்கியமாக இருக்க வேண்டும்: ஒன்பது அடித்தது என்றால் போனை அடுத்த அறையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, பழைய வினாத்தாளில் இருபது கேள்வி. "இனி ஒழுங்காகப் படிப்பேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பவளமல்லி:
நாற்காலி படத்தை எடுக்காமல், பக்கத்தில் அந்த வினாத்தாள் கட்டின் படத்தையும் ஒட்டலாமே. ஒட்டுவது பிடித்தவர்களுக்கு ஒட்டுகிற சந்தோஷமும் மிஞ்சும்.

ஊசிமிளகாய்:
இதற்கு எனக்கு எதிர்ப்பு இல்லை. பிரபஞ்சம் தரும் என்று தனக்குத்தானே தொகை எழுதிக்கொள்ளும் 'பிரபஞ்ச வங்கி' செக் மட்டும் வேண்டாம்.