காடு காக்கும் குழுவுக்கு 10 வயது: ஆண்டு விழாவில் ஊர் மக்களை எப்படிச் சேர்ப்பது?

காட்டுப்பாதை எழுதியது:
வணக்கம் நண்பர்களே. ஒரு சிறிய காட்டை ஒட்டி வேலை செய்கிற தன்னார்வக் குழு எங்களுடையது. காட்டை ஆக்கிரமிக்கும் களையான உண்ணிச்செடி பிடுங்குவது, தீ பரவாமல் இருக்கக் கோடைக்கு முன் காய்ந்த புல் பூண்டை அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுவது, இவைதான் முக்கிய வேலை. வரும் மார்ச்சில் 10 ஆண்டு நிறைகிறது, 21-ஆம் தேதி உலகக் காடுகள் நாளும் வருவதால் அதையொட்டி விழா வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். குழுவில் பாதிப் பேர் ஒரே நாளில் 5,000 கன்று நட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஆனால் பதிலுக்குச் சொல்ல வேறு யோசனையும் இல்லை. பக்கத்திலேயே இருந்தும் இதுவரை காட்டுப் பக்கம் வராதவர்கள் வர வேண்டும், அதுதான் ஆசை. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நாற்றங்கால் எழுதியது:
தயவுசெய்து அந்த 5,000 வேண்டாம். எங்கள் ஐந்தாம் ஆண்டில் நாங்களும் 2,000 கன்று நட்டோம், குழிகூட அன்று காலையில்தான் வெட்டினோம், இரண்டு கோடை கழித்துப் போய் எண்ணியபோது இருநூறுகூடத் தேறவில்லை. பெரிய அளவிலும் இதே கதைதான். துருக்கியில் 2019 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் 1.1 கோடி கன்றுகள் நட்டார்கள். சில மாதங்களில் அங்குள்ள வனத்தொழிலாளர் சங்கம், தாங்கள் போய்ப் பார்த்த இடங்களில் 90 சதவீதம் வரை பட்டுப்போய்விட்டன என்றது, அரசு அதை மறுத்தது. தண்ணீர் போதாததும் தவறான பருவத்தில் நட்டதும்தான் காரணம் என்றது சங்கம். மாறாக, கென்யாவில் சுற்றுச்சூழல் ஆர்வலர் வங்காரி மாத்தாய் 1977 ஜூன் 5 அன்று வெறும் 7 மரங்களோடு தொடங்கினார். அவருடைய பசுமை வளைய இயக்கம் பெண்களுக்குக் கொடுத்த சிறு தொகை, நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு. அதுதான் எனக்குக் கண் திறந்தது.

அதனால் நான் சொல்வது இதுதான்: இந்தப் பத்தாண்டில் நீங்கள் வேலை செய்த இடங்களுக்கே மக்களைக் கூட்டிப் போங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம், ஒரு அளவு நாடா, ஒரு தாள். உயிரோடு இருப்பதை எண்ணட்டும், வளர்ந்த மரமானால் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுக்கட்டும், உண்ணிச்செடி போன இடத்தில் தானாக முளைத்தது என்ன என்று குறிக்கட்டும். அன்று மாலையே மொத்தக் கணக்கையும் எல்லோர் முன்னும் படியுங்கள், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் மறைக்க வேண்டாம். தன் கையால் அளந்த மரத்தைத் தேடி ஆள் மறுபடி வருவார்கள், எங்களிடம் அப்படித்தான் வந்தார்கள்.

மின்மினி எழுதியது:
இரவு நிகழ்ச்சி ஒன்று வையுங்கள், செலவே கிடையாது. ஒரு வெள்ளைத் துணி, ஒரு விளக்கு (புற ஊதா விளக்கு கிடைத்தால் நல்லது), அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு அந்திப்பூச்சிகள் (இரவில் பறக்கிற, பட்டாம்பூச்சிக்கு உறவான பூச்சிகள்) வந்து துணியில் உட்காரும், பக்கத்தில் நின்று பார்க்கலாம். உலகில் பட்டாம்பூச்சி 18,000 வகை இருக்கலாம், அந்திப்பூச்சியோ சுமார் 1,60,000. அமாவாசையை ஒட்டி வைத்தால் நிறைய வரும். குழந்தைகள் துணி முன்னால் நின்றுவிட்டால் அப்புறம் வீட்டுக்குக் கிளப்புவது கஷ்டம்! ஒன்று மட்டும், சில மணி நேரத்தில் விளக்கை அணைத்துத் துணியை உதறிவிடுங்கள், விடியும்வரை விட்டால் பறவைகள் வந்து மொத்தத்தையும் கொத்திவிடும்.

தீக்கோடு எழுதியது:
நாற்றங்கால் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் நடுவதை ஒரேயடியாக விட வேண்டாம். ஐம்பது கன்று போதும். அந்தக் காட்டின் விதையிலிருந்தே வந்தவை, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பொறுப்பேற்றவை. மார்ச் உங்களுக்கு வறண்ட காலம் என்றால் அன்று பொறுப்பேற்பவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு முதல் மழைக்கு நடுங்கள். திறந்த புல்வெளி இருந்தால் அதில் ஒரு கன்றுகூட வைக்காதீர்கள், அது காலி இடம் இல்லை, அதற்கென்று தனி உயிர்கள் உண்டு.

இன்னொன்று, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டுக்குள் போகிறவர்களை விழாவில் கடைசி வரிசையில் உட்கார வைக்காதீர்கள். முன்பு எங்கே ஊற்று இருந்தது, எந்த மரம் எப்போது விழுந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நடைப்பயணத்தை அவர்களே முன்னால் நின்று நடத்தட்டும். நெருப்பு வந்த இரவுகளில் ஓடிவந்தவர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். மேடையும் ஒலிபெருக்கியும் காட்டை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

காட்டுப்பாதை எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. எண்ணும் யோசனையை நேற்றுக் குழுவில் சொன்னேன், 5,000 கேட்டவர்களில் இரண்டு பேர் உடனே பழைய நடவுப் பதிவேட்டைத் தேடி எடுத்து வந்துவிட்டார்கள். மின்மினி, ஒரு சந்தேகம்: துணியைக் காட்டுக்குள்தான் கட்ட வேண்டுமா?

மின்மினி எழுதியது:
வேண்டாம், ஓரமே போதும். உள்ளே போனால் இரவு அனுமதி வாங்க வேண்டியிருக்கும், விலங்குகளுக்கும் தொந்தரவு. இந்த அமாவாசைக்கே ஒருமுறை கட்டிப் பாருங்கள், எந்த இடம் நல்லது என்று தெரிந்துவிடும்.