ரில்கேயின் கடிதங்கள் உங்களிடம் வந்து சேர்ந்தது எப்போது?

முதல் பதிவு

ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே, இளம் கவிஞன் காப்பஸுக்கு எழுதிய பத்துக் கடிதங்களிலிருந்து மேற்கோள் அட்டைகள் நிறையச் சுற்றுகின்றன. அதை விடுங்கள். உங்கள் வாழ்க்கையில் அவை எங்கே வந்து மாட்டின என்று சொல்லுங்கள்.

அப்பா இறந்தபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "மனசைத் தேத்திக்கோ, வேலையில் இறங்கு" என்றார்கள். இறங்கினேன். நடுராத்திரி வரை ஏதாவது எக்ஸெல் ஷீட் திறந்தே இருக்கும். அந்த நாட்களில்தான் எட்டாவது கடிதத்தைப் படித்தேன். 1904 ஆகஸ்ட் 12 அன்று ஸ்வீடனின் போர்கெபியில் இருந்து எழுதியது. துக்கத்தை அமுக்குவதற்காக அதைக் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போகிறோமே, அதுதான் ஆபத்து என்கிறார். அரைகுறை வைத்தியம் பார்த்த நோய் போலப் பதுங்கியிருந்து, பிறகு இன்னும் மோசமாகக் கிளம்புமாம்.

லேப்டாப்பை மூடிவிட்டு அப்பாவின் மேஜை டிராயரைத் திறந்தேன். கரண்ட் பில் ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டு, ஒவ்வொன்றின் மூலையிலும் பணம் கட்டிய தேதி, அவருடைய சாய்ந்த கையெழுத்தில். அன்றுதான் ஒழுங்காக அழுதேன்.

அந்தக் கடிதத்தின் முடிவையும் சொல்ல வேண்டும். ஆறுதல் சொல்கிறவன் நிம்மதியாக வாழ்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கும் கஷ்டமும் துக்கமும் நிறைய, இல்லாவிட்டால் இந்தச் சொற்களே அவனுக்குக் கிடைத்திருக்காது என்கிறார். எழுதும்போது ரில்கேயின் வயது 28.

மறுமொழி

நான் ராணுவத்தில் இருந்தவன். காப்பஸும் ராணுவப் பள்ளி மாணவன்தான். ரில்கேயோ சிறுவயதில் அப்படி ஒரு பள்ளியில் படாதபாடு பட்டவர். கடைசிக் கடிதத்தை, 1908 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாரிஸில் உட்கார்ந்து எழுதுகிறார்: மலைகளுக்கு நடுவே தனிக் கோட்டையில் நீங்கள் இருப்பதை நினைத்துப் பார்த்தேன், அந்த அமைதி எவ்வளவு பெரியது என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லடாக்கில் எங்கள் போஸ்டில் தனிமை என்ற சரக்கே கிடையாது. ஒரு பங்கர், ஒரு புகாரி அடுப்பு, அதைச் சுற்றி ஒரு கும்பல், ஆளுக்கொரு குறட்டை. இந்தக் கடிதங்களைப் படிக்கவே சென்ட்ரி டியூட்டி முடிந்து சாப்பாட்டுக்குப் போகும் முன் பத்து நிமிஷம் திருட வேண்டியிருந்தது.

காப்பஸ் பெரிய கவிஞர் ஆகவில்லை என்பதையும் யாரும் சொல்வதில்லை. அதிகாரியாக இருந்தார், பத்திரிகையில் வேலை பார்த்தார், ஜனரஞ்சக நாவல்கள் எழுதினார். கவிஞரின் அக்கறை என்னை எதிலிருந்து காக்கப் பார்த்ததோ, வாழ்க்கை என்னை அங்கேயே விரட்டிவிட்டது என்று 1929-இல் இந்தக் கடிதங்கள் புத்தகமாக வந்தபோது முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். எனக்கு அந்த மனுஷனைத்தான் அதிகம் பிடிக்கிறது.

மறுமொழி

அண்ணன் சொன்ன அதே எரிச்சல் எனக்கு வேறு பக்கத்திலிருந்து. காதல் என்பது இரண்டு தனிமைகள் ஒன்றையொன்று காப்பதும் வணங்குவதும் என்ற ஏழாவது கடிதத்தை நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு எனக்குப் படித்துக் காட்டியவர் என் கணவர். குழந்தை பிறந்ததும் அவருடைய தனிமை மட்டும் பத்திரமாக இருந்தது. அப்புறம் ரில்கேயின் கதையைத் தேடிப் படித்தேன். மனைவி கிளாரா, பிரெஞ்சுச் சிற்பி ரோடானிடம் கற்ற சிற்பி. 1901 டிசம்பரில் பிறந்த மகள் ரூத்தைக் கிளாராவின் பெற்றோரிடம் விட்டுவிட்டுத்தான் இருவரும் கலையைத் தேடிப் போனார்கள். தனிமைக்கும் ஒரு பாட்டி வேண்டியிருக்கிறது!

ஆனால் அதே கடிதத்தில், பெண் ஒருநாள் ஆணுக்கு எதிர்ப்பதமாக இல்லாமல் தன்னளவில் ஒரு மனித உயிராக நிற்பாள் என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை அடிக்கோடிட்டு என் கணவர் சாப்பிடும் இடத்தில் வைத்தேன். இப்போது ஞாயிறு காலை முழுக்க என்னுடையது. இட்லிக்கு அரைப்பதும் அவர்தான்.

மறுமொழி

நான் பள்ளி ஆசிரியர். அந்த ஏழாவது கடிதத்தோடு ரில்கே இன்னொன்றும் செய்தார்: காப்பஸின் சானெட் (பதினான்கு வரிக் கவிதை) ஒன்றைத் தன் கையால் படியெடுத்து அனுப்பினார். சொந்தக் கவிதையை இன்னொருவர் கையெழுத்தில் படித்தால் புதிதாகத் தெரியும் என்பது அவர் எண்ணம். பிள்ளைகள் கவிதை கொண்டுவந்தால் நானும் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன்; கருத்து எதுவும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், எதையோ மாத்திட்டீங்க" என்றான். ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. மறுநாள் கடைசி மூன்று வரியை அவனே அடித்துவிட்டுக் கொண்டுவந்தான்.