அந்தக் கப்பல் நம் பக்கம் வராது என்று நினைத்தேன்

எங்கள் படகு அனுபவம் என்று பார்த்தால், நானும் மனைவியும் ஏற்காடு ஏரியில் பெடல் போட் மிதித்திருக்கிறோம், அவ்வளவுதான். அந்தத் தகுதியோடு மூன்று நாள் கடல் பயணத்துக்குக் கிளம்பிவிட்டோம். சவுத்தாம்ப்டனில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன் நாலு பேரோடு பங்கு போட்டு 32 அடி யாட் (பாய்மரப் படகு) ஒன்று வைத்திருக்கிறான், பழசுதான். ஹாம்பிள் ஆற்றில் கிளம்பி, ஐல் ஆஃப் வைட் தீவில் கவுஸ், யார்மத் என்று தங்கி, முடிந்தால் மேற்கு முனையில் நீடில்ஸ் பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவது திட்டம். தீவுக்கும் இங்கிலாந்துக் கரைக்கும் நடுவே இருக்கிற சோலன்ட் நீர்ப்பரப்பு மேப்பில் பெரிய ஆறு மாதிரிதான் தெரியும். இதில் என்ன பயம் என்று நான்கூடச் சொன்னேன்.

முதல் நாள் காலை அரை மணி நேரம் பாடம். லைஃப் ஜாக்கெட் எப்படிப் போடுவது, ரேடியோவில் 16ஆம் சேனல் எதற்கு, பாயின் அடியில் இருக்கும் கட்டை, அதாவது பூம், குறுக்கே வீசும்போது தலையை எங்கே வைத்துக்கொள்வது, டாய்லெட் பம்ப்பை எத்தனை தடவை அடிப்பது. மனைவி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் எழுதவில்லை. டில்லரை, அதாவது சுக்கான் கைப்பிடியை, மட்டும் பிடித்துப் பார்த்தேன். அதை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும், இது தலையில் ஏறவே ஒரு மணி நேரம் ஆனது.

இங்கே பிரம்பிள் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோலன்ட்டின் நடுவில் தண்ணீருக்கடியில் ஒரு மணல் திட்டு, அதன் பெயர் பிரம்பிள் பேங்க். வருடத்தில் மிக அதிகமாக நீர் வற்றும் நாளில் வெளியே தலைகாட்டும், அப்போது இரண்டு யாட் கிளப்காரர்கள் அதன்மேல் இறங்கி கிரிக்கெட் ஆடுவார்கள். யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானது, ஒரு வருடம் இவர்கள், மறு வருடம் அவர்கள். (நம் ஊர்த் தெரு கிரிக்கெட்டிலும் இப்படி ஓர் ஒப்பந்தம் இருந்திருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும்.) விளையாட்டு ஒரு பக்கம், குவீன் எலிசபெத் 2 போன்ற பெரிய பயணிகள் கப்பலே 2008 நவம்பரில் சவுத்தாம்ப்டனுக்குக் கடைசியாக வந்தபோது இதில் தட்டி நின்றிருக்கிறது. அதனால் துறைமுகத்திலிருந்து வெளியே போகிற பெரிய கப்பல்கள் நேராகக் கிழக்கே திரும்ப முடியாது. முதலில் தென்மேற்காகப் போய், திட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கும் மிதவையைச் சுற்றி இடது பக்கம் வளைந்து, கவுஸ் வாசலை ஒட்டிக் கிழக்கே போகும். 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல் அந்தப் பகுதியில் போனால், அதற்கு முன்னால் 1000 மீட்டரும் பக்கவாட்டில் நூறு நூறு மீட்டரும் நம்மைப் போன்ற சின்னப் படகுகள் நுழையக் கூடாத இடம். கப்பல் நகர நகர அந்த இடமும் கூடவே நகரும்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று காலை பதினொன்றரை மணி, நீர் நன்றாக ஏறியிருந்ததால் திட்டின் மேலேயே கடந்து கவுஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். நண்பன் டீ போடக் கீழே இறங்கினான். "பெரிய கப்பல் எதாவது வந்தா கூப்பிடுடா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரு கன்டெய்னர் கப்பல் வந்தது, அடுக்குமாடிக் குடியிருப்பை அப்படியே பெயர்த்து மிதக்கவிட்ட மாதிரி. ஆனால் அது எங்களுக்குப் பின்னால் மேற்கே போய்க்கொண்டிருந்தது. நம் பக்கம் வரவில்லையே, எதற்குக் கூப்பிட வேண்டும் என்று விட்டுவிட்டேன். மனைவி படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு தடவை ஹாரன் அடித்தது. நமக்கு வணக்கம் சொல்கிறான் போல என்று கையாட்டினேன், சத்தியமாக. இடது பக்கம் திரும்புகிறேன் என்பதற்கான சத்தம் அது. பக்கவாட்டில் நீளமாகத் தெரிந்த கப்பல் குட்டையாகிக்கொண்டே வந்தது, கொஞ்ச நேரத்தில் அதன் முகம் மட்டும்தான் தெரிந்தது. முகம் மட்டும் தெரிகிறது என்றால் என்ன அர்த்தம் என்று மனைவிதான் முதலில் கேட்டாள்.

அப்புறம் ஐந்து தடவை விடாமல் அடித்தது. நண்பன் டீயைக் கொட்டிவிட்டு மேலே ஓடி வந்தான். கப்பலுக்கு முன்னால் ஒரு காவல் படகு நீல விளக்கைச் சுழற்றிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. "திட்டுப் பக்கம் திருப்புடா!" என்று கத்தினான். ஆழம் குறைந்த இடத்துக்கா, தரை தட்டாதா என்ற யோசனையில் நான் டில்லரைத் தப்பான பக்கம் தள்ளினேன். படகு அழகாகக் கப்பலைப் பார்த்துத் திரும்பியது. அவன் என்னைத் தள்ளிவிட்டு டில்லரைப் பிடித்து, எஞ்சினைப் போட்டு, வந்த வழியே திட்டின் மேல் ஏற்றினான். எங்கள் படகுக்கு ஒன்றரை மீட்டர் தண்ணீர் இருந்தால் போதும், அந்தக் கப்பல் அங்கே வரவே முடியாது. ஆழம் குறைந்த அந்த இடம்தான் எங்களுக்குப் பத்திரம். காவல் படகில் இருந்தவர் திட்டவில்லை, மிக மரியாதையாக "அடுத்த முறை கொஞ்சம் பார்த்து" என்ற மாதிரி சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று இரவு கவுஸில் நண்பன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறும் மீன் குழம்பும் வைத்தான், அவ்வளவுதான்.

மறுநாள் வேறு கதை. பௌர்ணமி கழிந்து இரண்டு நாள், நீரோட்டம் மிக வேகமாக இருக்கிற சமயம். யார்மத்தில் மதியம் கிளம்பி மேற்கே போனோம், ஓட்டம் எங்களோடு. படகின் வேகம் ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்), ஜி.பி.எஸ்.ஸில் ஒன்பது காட்டியது! எட்டாம் ஹென்றி கட்டிய ஹர்ஸ்ட் கோட்டை, ரயில் ஜன்னலில் பார்க்கிற மாதிரி பின்னால் ஓடியது. நீடில்ஸ் பாறைகளையும் 1859இல் கட்டிய கலங்கரை விளக்கத்தையும் பார்த்து, படம் எடுத்து, திரும்பினோம். ஓட்டம் மாறும்வரை வெளியே காத்திருக்கலாம் என்றான் நண்பன். எனக்கு வயிறு புரட்ட ஆரம்பித்திருந்தது, தென்மேற்குக் காற்று ஒரு பக்கம் தள்ள, நீர் எதிர்ப்பக்கம் ஓட, அலை குத்துக்குத்தாக எழும்பியது. திரும்பிவிடலாம் என்று நான்தான் கெஞ்சினேன். எஞ்சின் போட்டும் அதே கோட்டை ஒரு மணி நேரம் எங்கள் பக்கத்திலேயே நின்றது. தண்ணீர் படகின் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு ஓடுகிறது, பார்த்தால் பறக்கிற மாதிரி இருக்கிறது, கரையில் அதே வெள்ளை வீடு. நான் வாளியோடு இருந்தேன். மனைவி டில்லர் பிடித்தாள்.

—

அண்ணா, உங்கட பதிவு வாசித்தேன், வாளிக் கதைக்கு நானும் உண்டு. எங்கட குடும்பம் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. எங்கட ஊரில் கட்டின அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவில் குளோஸ்டர் வரைக்கும் போனது. இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டுதான் போர்ட்ஸ்மத்தில் சிநேகிதனின் யாட்டில் ஏறினேன். துறைமுக வாசலைத் தாண்டுமுன்னமே சத்தி (வாந்தி). அப்பப்பா (அப்பாவின் அப்பா) சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்கெல்லாம் பெயர் சொல்லித் தந்தவர். அன்றைக்கு அடித்தது என்ன காற்று என்று நிமிர்ந்து பார்க்கக்கூட என்னால் ஏலவில்லை.

—

எங்கள் படகுக் கதை குரோஷியாவில். தோழி ஸ்கிப்பர் (படகின் தலைவி), நானும் என் தங்கையும் எடுபிடி. ஸ்பிளிட்டில் வாடகைக்கு எடுத்து ஹ்வார், விஸ் தீவுகள். அங்கே படகைப் பின்பக்கமாக ஓட்டிக் கரையில் சேர்ப்பார்கள், கடலடியில் கட்டிய ஒரு கயிற்றைக் கரையிலிருந்து தூக்கி முன்பக்கம் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். பாசி பிடித்து வழுக்கும். நான் நழுவவிட்டேன், தோழி அதே நேரம் எஞ்சினைப் பின்னுக்குப் போட, கயிறு புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது. காற்று எங்களைப் பக்கத்துப் படகின்மேல் கொண்டுபோய்ச் சாய்த்தது. அந்தப் படகுக்காரத் தாத்தா ஒன்றும் பேசாமல் வாயில் கத்தியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்தார். பத்து நிமிடத்தில் அறுத்துவிட்டு ஏறி, ஒரு பீர் மட்டும் கேட்டார். வானம் நீலமாக இருக்கிறதே, காற்று வராது என்று அங்கேயும் நினைக்கக் கூடாது, மலையிலிருந்து இறங்கும் புரா காற்று பளிச்சென்ற வெயிலிலேயே அடிக்கும்.

அண்ணி மறுபடி படகில் ஏறினாங்களா?

—

ஏறினாளாவா? ஐந்து நாள் படகுப் பயிற்சிக்குத் தனியாகப் பணம் கட்டிவிட்டாள், நோட்டும் வாங்கியாகிவிட்டது. அடுத்த மாதம் அவளும் நண்பனும் அவன் மனைவியும் பூல் துறைமுகம் வரை போகிறார்கள். டீ போடுகிற வேலை காலியாக இருக்கிறது, வேண்டுமானால் வா என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.