‘பராசக்தி’யின் ஆசிரியர் யார்?

கேள்வி:
1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யை இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர். ஆனால் அதை மு. கருணாநிதியின் வசனத்துக்காகவும் சிவாஜி கணேசனின் முதல் படம் என்பதற்காகவுமே நினைவுகூர்கிறோம். இயக்குநரே திரைப்படத்தின் முதன்மை ஆசிரியர் என்னும் கொள்கை இதற்குப் பொருந்துமா?

மறுமொழி 1:
பொருந்தாது என்பதே என் கருத்து. 1954-இல் பிரெஞ்சுத் திரை விமர்சகர் பிரான்சுவா த்ரூஃபோ, இக்கொள்கைக்கு வித்திட்ட தம் புகழ்பெற்ற கட்டுரையில், திரைக்கதையாளர் எழுதித் தந்ததற்கு இயக்குநர் காட்சிகளை மட்டும் சேர்த்துக்கொடுக்கும் அன்றைய பிரெஞ்சு வழக்கத்தைத்தான் சாடினார். எல்லா இயக்குநரும் ஆசிரியரே என்று அவர் சொல்லவில்லை. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து உருவாகி, அரசியல் வசனத்தின் வலிமையால் நின்ற இப்படத்தில் எழுத்தாளரின் குரலே மேலோங்கி ஒலிக்கிறது.

மறுமொழி 2:
குரல் மேலோங்குவதாலேயே ஆசிரியத்துவம் முழுவதும் வசனகர்த்தாவுக்குப் போய்விடாது. நீதிமன்றக் காட்சியின் நீண்ட பேச்சை எங்கிருந்து படமாக்குவது, எந்த இடத்தில் கேட்பவரின் முகத்துக்கு வெட்டுவது என்பவை வசனத்தாளில் அடங்காத முடிவுகள். மேலும், பஞ்சுவே ‘பஞ்சாபி’ என்ற பெயரில் இப்படத்தின் படத்தொகுப்பையும் செய்தார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

மறுமொழி 3:
அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் 1941-இல் ‘சிட்டிசன் கேன்’ படத்தின் நிறைவுப் பெயர்ப்பட்டியலில், ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரைத் தம் பெயர் திரையில் தோன்றும் அதே எழுத்து அட்டையிலேயே இடம்பெறச் செய்தார். திரைக்கதைக்கான ஆஸ்கரையும் ஹெர்மன் மேங்கிவிச்சுடன் பகிர்ந்துகொண்டார். ஆசிரியருக்கு இலக்கணமாகக் காட்டப்படும் இயக்குநரின் படமே இவ்வாறிருக்க, ‘பராசக்தி’க்கு மட்டும் ஒற்றை ஆசிரியரைத் தேடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.